சோப்பு படாத அலமாரி

நான் கண்ணாடி கழுவிய தொட்டிக்கு எதிரில்தான் பாம்பு விஷம் வைத்திருந்த குளிர்பெட்டி. நடுவில் நாலடிகூட இராது. பயமாக இல்லையா என்று எல்லாரும் கேட்பார்கள். விஷத்தைக் கண்டு நான் ஒரு நாளும் பயந்ததில்லை. சின்னக் குப்பிக்குள் மஞ்சளாக, உடைந்த கற்கண்டுத் தூள் மாதிரி, அதுபாட்டுக்குக் கிடந்தது. அந்த அறையில் என்னை அரித்தது வேறு. வித்துரா என்ற மலையோர ஊரிலிருந்து வந்த ஒருத்தியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது. அறுபதைத் தாண்டிய பிறகு இப்படியும் எரியுமா என்று எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் எரிந்தது. என்ன செய்ய?

திருவனந்தபுரத்தில் ஊரைத் தாண்டி ஒரு மேட்டின்மேல் இருக்கிறது அந்த ஆராய்ச்சி நிலையம். பெயர் வேண்டாம். என் வீட்டுக்காரர் ஆரியசாலையில் ஒரு மொத்தக் கடையில் தராசுக்கு நின்றவர். அவர் போன பிறகு தெரிந்தவர் ஒருவர் சொல்லி எனக்கு அங்கே வேலை கிடைத்தது. கழுவுகிற வேலை. பீக்கர், பிளாஸ்க், பாட்டில், அளவு போட்ட குழாய். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். பாட்டிலில் ஒட்டியிருக்கும் இங்கிலீஷ் எழுத்து எனக்குப் பூச்சி ஊர்ந்த மாதிரிதான். ஆனாலும் எந்தப் பாட்டில் எந்த மேசைக்குப் போகவேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

"வீட்டிலே ஏனம் கழுவுகது மாதிரிதானே மயினி" என்று என் நாத்தனார் ஒரு கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் வைத்துச் சொன்னாள். அவளோடு அடுத்த ஆவணி வரைக்கும் நான் பேசவில்லை.

வீட்டு ஏனத்தில் பருக்கை ஒட்டியிருந்தால் கண்ணுக்குத் தெரியும். அங்கே கண்ணுக்குத் தெரியாததைப் போக்க வேண்டும். முதலில் சோப்புத் தண்ணீரில் ஊற வைப்பேன். பிறகு பிரஷ். பிறகு குழாய்த் தண்ணீர். கடைசியில் டிஸ்டில் வாட்டர், அதாவது ஆவியாக்கிக் குளிரவைத்த வெறும் தண்ணீர். எத்தனை தடவை அலசவேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்கள். நான் அதைப் பார்த்தது இல்லை, எண்ணியதும் இல்லை. எனக்கென்று ஓர் அடையாளம் உண்டு. கழுவிய கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தால் தண்ணீர் முத்து முத்தாக ஒட்டி நிற்கக்கூடாது. விரித்துப் போட்ட வேட்டி மாதிரி ஒரே பரப்பாக வழிந்து இறங்க வேண்டும். முத்து நின்றால் எங்கோ பிசுக்கு இருக்கிறது. பரப்பாக வழிந்தால் சுத்தம். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானாகப் பார்த்துக் கண்டுபிடித்தது. பிறகு படித்த பிள்ளைகளே என் பாட்டிலைச் சாய்த்துப் பார்த்து, "ஆச்சி கழுகியதாணு", ஆச்சி கழுவியதுதான் என்று மலையாளத்தில் சொல்லி எடுத்துப் போவார்கள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் மழையிலும் வெயிலிலும் அந்த மேடு ஏறினேன்.

எங்கள் ஆய்வுக்கூடத்துக்குத் தலைமை ஒரு மேடம். நாற்பதை ஒட்டிய வயது. வலியசாலை அக்ரகாரத்துப் பெண். வெளிநாட்டில் பெரிய படிப்பு முடித்து வந்தவர். கூடம் முழுக்க மலையாளமும் இங்கிலீஷும்தான். மேடம் தமிழில் பேசுவது என் ஒருத்தியிடம் மட்டும்.

"ஆச்சி, இன்னிக்கு என்ன கொழம்பு?"

"தேங்காய் அரச்சு முருங்கைக்காய் போட்டது மேடம்."

"வாசனை இங்க வரைக்கும் வரது. எனக்குத் தராம நீங்கோ மட்டும் சாப்பிடுவேளா?"

இவ்வளவுதான் பேச்சு. ஆனால் பெரிய பெரிய படிப்புப் படிக்கிற பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். ஒருத்தி ஒரு தடவை, "தமிழில் எந்தா ரண்டாளும் பறையுந்நது?" என்று, தமிழில் இருவரும் என்ன பேசுகிறீர்கள் என்று கேட்டாள். "ஒன்னத்தான் திட்டுகோம்" என்றேன். மேடம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு என் சொத்து என்றே நினைத்திருந்தேன்.

அப்படி இருக்கையில்தான் மேடம் பாம்பு விஷத்தில் இறங்கினார். விஷத்துக்குக் கூடவே ஒரு மீனும் வேண்டியிருந்தது. ஒரு நாள் காலையில் விழிஞத்திலிருந்து மீன்காரி ஒருத்தி வாளியோடு வந்தாள். வாளிக்குள் வட்டமாக, தோசைக்கல் அளவில் ஒரு திருக்கை. தொட்டால் ஷாக் அடிக்கிற சாதியாம். பாம்பு விஷம் நம் உடம்பில் எதைப் பிடிக்கிறதோ அது இந்த மீனுக்குள் கொட்டிக் கிடக்கிறதாம். மேடம் கையுறை போட்டுக்கொண்டு, கத்தியை எடுத்துவைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஆச்சி, இந்த வேலைக்குன்னு தனியாப் பாட்டில் வாங்கியிருக்கேன். பச்சை டேப் ஒட்டித் தனி அலமாரில இருக்கு. அதுல சோப்பு படவே கூடாது. வெந்நீர், அப்பறம் டிஸ்டில் வாட்டர், அவ்வளவுதான். மத்தவா கையில குடுக்க எனக்கு மனசு வரலை. நீங்கோ பாத்துக்கறேளா?"

நான் வாளியைப் பார்த்தேன். வழுவழுவென்று கிடந்தது.

"மேடம், நாங்க சைவமாக்கும். மீன் பட்ட ஏனத்த நான் தொடமாட்டேன்."

"நான் மட்டும் என்னவாம்? ஆத்துல தெரிஞ்சா அம்மா தலையில தண்ணி தெளிச்சுத்தான் உள்ள விடுவா."

"நீங்க படிச்சவங்க. உங்களுக்கு அது சோலி. எனக்கு ஆகாது."

மேடம் வற்புறுத்தவில்லை. "சரி, உங்க இஷ்டம்" என்றார். இன்னும் இரண்டு தடவை கேட்பார், அப்புறம் பார்க்கலாம் என்று நான் நினைத்திருந்தேன். கேட்கவில்லை. அடுத்த வாரம் வித்துராக்காரி வந்து நின்றாள். அந்தப் பச்சை அலமாரியின் சாவி அவள் இடுப்பில் தொங்கியது.

முப்பத்தைந்து வயது இருக்கும். மெலிந்த உடம்பு. மலைமேல் எஸ்டேட்டில் தேயிலை பறித்த தமிழ்க் குடும்பம், லயத்து வீட்டில் பிறந்து வித்துராவில் வாழ்க்கைப்பட்டவள்.

"பெரியம்மா, நான் எங்க நிக்கட்டும்?" என்று கேட்டாள்.

"நான் உனக்கு எந்த வழியிலே பெரியம்மா?"

"வயசு வழியில" என்றாள். மேசையில் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். தமிழ் புரியாதவர்கள்கூடச் சிரித்தார்கள்.

மூன்றாம் நாள் என் தலையில் இடி விழுந்தது. குளிர்பெட்டியின்மேல் எச்சரிக்கைக்காகப் படமெடுத்த பாம்பின் படம் ஒன்று ஒட்டியிருந்தார்கள். அவள் அதைப் பார்த்துவிட்டு, "ஓ, இவனா! மூர்க்கன்! இவனுக்கும் எனக்கும் பழைய கணக்கு இருக்கு, கேட்டோ" என்றாள். அந்தப் பக்கத்தில் நல்லபாம்பை மூர்க்கன் என்றுதான் சொல்வார்கள். மேடம் எழுதுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"உன்னைக் கடிச்சிருக்கா?"

"ஆமா மேடம். விறகு எடுக்கப் போனப்ப, கணுக்கால்ல. ஜீப்புல தூக்கிப் போட்டுக் கொண்டாந்தாங்க. நெடுமங்காடு வரைக்கும் எனக்கு நல்லா ஓர்மை இருந்துச்சு. அப்புறம் கண்ணு ரெப்பை தானா விழுந்துச்சு. தூக்கிப் பார்க்கேன், முடியல. கழுத்து நிக்கல. பேசினா மூக்கு வழியா வருது. நாக்கு சுருண்டு கிடக்கு. ஆனா காது மட்டும் எல்லாம் கேக்குது."

"எல்லாமா? ஒரு வார்த்தை விடாம?"

"ஒண்ணு விடாம. எங்க நாத்தனா சொல்றா, 'கம்மலக் கழட்டி வைங்க, ஆஸ்பத்திரில காணாமப் போயிரும்'னு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவ கன்னத்துல ஒண்ணு வைக்கணும்னு இருக்கு. கை அசையல. மூச்சும் நின்னு, மிஷின் வச்சுத்தான் இழுத்தாங்க. மூணாம் நாள் கண்ணத் தொறந்ததும் முதல்ல காதத் தொட்டுப் பார்த்தேன்."

மேடம் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காரு" என்றார். அந்த ஸ்டூலில் அத்தனை வருஷத்தில் நான் உட்கார்ந்ததில்லை. உட்காரச் சொன்னதும் இல்லை. அவளுக்குக் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். நான் குழாயை மூடிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"நம்ம தசை மேல கோடிக்கணக்குல குட்டிக் கதவு இருக்கு. நரம்பு ஒரு சின்ன மருந்தை அனுப்பும். அது வந்து கதவோட பக்கத்துல உக்காந்தாக் கதவு தொறக்கும். தொறந்தா உப்பு உள்ள பாயும். அப்பத்தான் இமை தூக்கும், நாக்கு பெரளும். பாம்பு விஷம் ஓடிவந்து அந்த எடத்துல தான் உக்காந்துடறது. நரம்பு அனுப்பின மருந்துக்கு எடமில்லை. கதவு தொறக்காது. உனக்கு ஆனது அதான். மூளைக்கு விஷம் போகலை, அதனாலதான் காது கேட்டுது."

"அப்ப நான் மயக்கம் இல்லன்னு டாக்டர்மாருக்குத் தெரிஞ்சிருக்கும், அல்லே?"

"நல்ல டாக்டருக்குத் தெரிஞ்சிருக்கும். விஷம் அந்தக் கதவை எப்படிப் பிடிச்சுக்கறது, எந்த எடத்துல விரலை நுழைக்கறதுன்னு படம் பிடிக்கத்தான் இத்தனை பாடு. அது தெரிஞ்சா, அந்தப் பிடியை விடுவிக்க மருந்து யோசிக்கலாம்."

எனக்கு இதையெல்லாம் மேடம் ஒரு நாளும் சொன்னதில்லை. என்னிடம் குழம்பு விசாரித்ததோடு சரி. சிரிக்காதீர்கள், என்னை ஒரு பாம்பும் கடிக்கவில்லையே என்று அன்றைக்கு நினைத்தேன். ஆரியசாலையில் பாம்புக்கு எங்கே போக? மிளகாய் மூட்டையும் பெருச்சாளியும்தான்.

அதற்குப் பிறகு தினம் ஏதாவது ஒன்று. அவளுக்கு முதலில் வலித்ததா, முதலில் இமை விழுந்ததா? விழுங்க முடிந்ததா? மேடம் கேட்பார், அவள் சொல்வாள். பேச்சு எல்லாம் தமிழில். என் குழம்பைப் பற்றிய விசாரணை நின்றுபோனது. அவள் கொண்டுவரும் மரச்சீனிக் கிழங்கை மேடம் ஒரு துண்டு எடுத்துத் தின்றுகொண்டே பேசுவார். நான் வேண்டுமென்றே பீக்கரைச் சத்தம் வர வைத்துப் பார்த்தேன். "பாத்து ஆச்சி" என்றார். திரும்பவில்லை.

பச்சை அலமாரியை நானே வேண்டாம் என்றேன். அதுதான் பெரிய எரிச்சல். பிறர் பிடுங்கியிருந்தால் சண்டை போடலாம்.

வைகாசி மாதம். கடலில் பெரிய படகுகள் போகாத காலம் தொடங்கப் போகிறது என்பதால் மேடம் கிடைத்த மீனையெல்லாம் சேர்த்து வைத்து, ஒரு பெரிய வேலைக்குத் தயாரானார். மீனிலிருந்து அந்தக் கதவுகளைப் பிரித்து, விஷத்தோடு சேர்த்து, வேறு ஊரில் இருக்கும் பெரிய மைக்ராஸ்கோப்புக்குக் கொண்டு போகவேண்டும். அங்கே நாள் குறித்தாகிவிட்டது. அந்த நாள் தவறினால் பிறகு எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. கூடத்தில் எல்லாருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும்.

ஒரு புதன்கிழமை மத்தியானம் வித்துராக்காரி காலைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். கடிபட்ட இடத்தில் அவளுக்கு மழைக்காலத்தில் வீங்கும். பச்சை டேப் பாட்டில்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போயிருந்தாள். நான் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். கண்ணாடியில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. மூக்கை வைத்தேன். லேசாக மீன் கவிச்சி. எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. பார், இவள் கழுவிய லட்சணத்தை! இந்தப் பாட்டிலையா மேடம் நம்பி எடுக்கப் போகிறார்?

மேடத்தைக் கூப்பிட்டுக் காட்டியிருந்தால் முடிந்தது. அப்படிச் செய்தால் கோள் சொன்னது போல் ஆகும். நாளைக்கு மேடம் பாட்டிலைக் கையில் எடுத்து, "இன்னிக்கு யார் அலம்பினா, இப்படிப் பளபளன்னு இருக்கே?" என்று தானாகக் கேட்கவேண்டும். நான் ஒன்றும் சொல்லாமல் நிற்கவேண்டும். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

மீன் பட்ட ஏனத்தைத் தொடமாட்டேன் என்றவள் தொட்டேன். கூடத்துச் சோப்பை எடுக்கவில்லை. கவிச்சிக்கு அது பற்றாது. என் சோற்றுப் பாத்திரம் கழுவ நான் பையில் வைத்திருந்த எலுமிச்சை வாசனைச் சோப்பைத் தேய்த்தேன். சோப்பு படக்கூடாது என்று சொன்னது ஞாபகம் இல்லாமல் இல்லை. சோப்பை முழுக்கப் போக்கத் தெரியாதவர்களுக்குத்தானே அந்தச் சட்டம், எனக்கு என்ன என்று நினைத்தேன். அலசினேன். இரண்டாம் அலசலிலேயே தண்ணீர் ஒரே பரப்பாக, வேட்டி விரித்தது போல வழிந்தது. அவ்வளவு அழகாக என் வாழ்நாளில் வழிந்து பார்த்ததில்லை. போதும் என்று கவிழ்த்தேன்.

மறுநாள் மேடம் பாட்டிலை எடுத்தார். பார்க்கவில்லை, ஒன்றும் கேட்கவும் இல்லை. மருந்தை ஊற்றிக்கொண்டு குளிர் அறைக்குள் போய்விட்டார். அவருக்கு இருந்த அவசரத்தில் பளபளப்பு எங்கே கண்ணில் படும்?

சனிக்கிழமை, அந்த வெளியூருக்குக் கொண்டு போகும் முன் இங்கே இருக்கும் சின்ன எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் ஒரு தடவை பார்த்தார்கள். நல்லபடியாக இருந்தால் வளையம் வளையமாக, சின்ன உளுந்துவடை மாதிரி தெரியுமாம். அன்றைக்குத் தெரிந்தது நொய்யரிசி. எல்லாம் உடைந்து சிதறிக் கிடந்தது. மேடம் அறையிலிருந்து வெளியே வந்தார். நேரே பச்சை அலமாரிக்குப் போனார். எடுக்காமல் மிச்சம் இருந்த ஒரு பாட்டிலில் கொஞ்சம் டிஸ்டில் வாட்டர் ஊற்றி, மூடி, குலுக்கிப் பிடித்தார். தண்ணீருக்கு மேலே வெள்ளையாக நுரை.

"சோப்பு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

கூடத்தை நிர்வகிக்கும் சார் ஒருவர் இருந்தார். அவர் வித்துராக்காரியைக் கூப்பிட்டுக் கத்தினார். "எத்ர பிராவசியம் பறஞ்ஞு, சோப்பு இடருதெந்நு!" எத்தனை தடவை சொன்னேன் என்று. தேயிலை கிள்ளிய கைக்கு இந்த வேலை எப்படி வரும் என்றும் சொன்னார். அவள், "நான் சோப்பு போடல சார், சத்தியமாப் போடல" என்று மட்டும் சொன்னாள். திங்கட்கிழமையே ஆள் அனுப்பும் ஏஜென்சியைக் கூப்பிட்டு இவளை மாற்றச் சொல்வதாகச் சார் சொன்னார்.

மேடம் என்னைப் பார்த்தார். பல நாளைக்குப் பிறகு என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டார். "ஆச்சி, நீங்கோ எப்பவும் இங்கதானே நிக்கறேள். ஏதாவது கண்ணுல பட்டுதா?"

"அது என் அலமாரி இல்லியே மேடம். எனக்கு என்ன தெரியும்" என்றேன்.

சொல்லிவிட்டுத் திரும்பிக் குழாயைத் திறந்தேன்.

அன்று மாலை பஸ் ஸ்டாப்பில் அவளும் வந்து நின்றாள். நானும் அவளும் ஒரே பஸ்தான். அவள் தம்பானூரில் இறங்கி வித்துரா வண்டி பிடிப்பாள். நான் கிழக்கேக்கோட்டையில் இறங்குவேன். நான் ரோட்டைப் பார்த்தபடி நின்றேன்.

"பெரியம்மா" என்றாள் மெதுவாக. "பாட்டில்ல எலுமிச்ச வாசனை அடிச்சுது. வியாழக்கிழமை காலையிலயே எனக்குத் தெரியும். மேடத்துக்கிட்ட ஓடிச் சொல்லலாம்னு போனேன், அதுக்குள்ள அவுங்க எடுத்துட்டுப் போய்ட்டாங்க. அப்புறம் சொன்னா உங்களுக்குத்தான் கேடுன்னு விட்டுட்டேன்."

நான் சோப்பு இருந்த பையை மற்றத் தோளுக்கு மாற்றினேன்.

"நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன், பயப்படாதிங்க. நீங்க எத்தன வருஷமா நிக்கறீங்க. நான் எங்கயாவது ஒரு சோலி பாத்துக்குவேன். சாவோட வாசல் வரைக்கும் போய்ட்டு வந்தவ, இது என்ன."

பஸ் வந்தது. முன்னால் ஏறி, டிரைவர் பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் மேல் இரக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். இரக்கம் கொஞ்சம்தான். பாம்புக்கடியும் அவளுக்கு, ஸ்டூலும் அவளுக்கு, மேடத்தின் தமிழும் அவளுக்கு. இப்போது பெரிய மனசும் அவளுக்கா? இனி அந்தத் தொட்டியில் நான் நிற்கும் ஒவ்வொரு நாளும் அவள் போட்ட பிச்சையா? அவள் வித்துராவில் உட்கார்ந்துகொண்டு, 'பாவம் பெரியம்மா' என்று நினைப்பாளே! அதை என்னால் பொறுக்க முடியவில்லை. நல்லவளாக இருக்கும் அந்த ஓர் இடத்தையாவது அவளிடமிருந்து பிடுங்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அப்படித்தான் நான் உண்மை சொன்னேன். வேறு மாதிரி சொல்லி என்னை உயர்த்திக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

திங்கட்கிழமை எல்லாரும் இருக்கும்போது, சார் போனைக் கையில் எடுத்த நேரம், நான் சோப்பை மேசைமேல் வைத்தேன். மலையாளத்திலேயே சொன்னேன், எல்லாருக்கும் புரியட்டும் என்று. "ஞானாணு கழுகியது. இவளல்ல." நான்தான் கழுவினேன், இவள் இல்லை என்று.

மேடம் சோப்பை எடுத்து முகர்ந்து பார்த்தார். கோபம் வரும் என்று நின்றேன். அவர் கேட்டது வேறு.

"எத்தனை தடவை அலசினேள்?"

"ரெண்டு தடவ. தண்ணி பரப்பா வழிஞ்சுது மேடம். முத்து ஒண்ணுகூட நிக்கல. சுத்தமா இருந்துது."

மேடம் இரண்டு கண்ணாடித் தகடு எடுத்தார். ஒன்றில் என் சோப்பை லேசாகத் தடவி, ஒரே ஒரு தடவை அலசினார். மற்றதிலும் தடவி, அதைச் சுவரில் எழுதியிருந்த கணக்குப்படி அலசினார். இரண்டிலும் தண்ணீர் ஊற்றிச் சாய்த்தார். இரண்டிலும் ஒரே பரப்பாக வழிந்தது.

"சோப்பு மிச்சம் இருந்தாலும் தண்ணி இப்படித்தான் வழியும் ஆச்சி. சோப்போட குணமே அதான். எண்ணெய் இருக்கா இல்லையான்னுதான் உங்க அடையாளம் சொல்லும். சோப்பு இருக்கா இல்லையான்னு சொல்லாது. அதுக்குத்தான் எண்ணி அலசச் சொல்றோம். அந்தக் கதவு இருக்கே, அது கொழுப்புல சொருகி நிக்கறது. வெளில எடுக்க நானே ஒரு மெல்லிசான சோப்பு போடறேன், அளந்து அளந்து. பாத்திரம் தேய்க்கற சோப்பு ஒரு துளி பட்டாப் போச்சு. நூலு நூலாப் பிரிஞ்சுடும்."

"அப்ப அவ கழுவினதிலே முத்து நின்னுதே?"

"புதுப் பாட்டில் ஆச்சி. உள்ள ஒரு பூச்சு உண்டு, மீன்ல இருந்து எடுக்கறது சுவத்துல ஒட்டக்கூடாதுன்னு. அதுல எப்பவும் முத்து நிக்கும். அவ சரியாத்தான் அலம்பியிருந்தா."

அத்தனை வருஷமும் நான் தலை நிமிர்ந்து நடந்தது அந்த ஓர் அடையாளத்தை வைத்துத்தான். பிள்ளைகள் எல்லாரும் அந்த இரண்டு தகட்டைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். சார் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, மேடம் மேலும் வரவில்லை. அவள் ஒரு மூலையில் நின்று கண்ணைத் துடைத்தாள். எனக்காகத் துடைக்கிறாள்! அதைப் பார்க்கத்தான் ஆத்திரம் வந்தது.

என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. கண்ணாடி அறையிலிருந்து கொஞ்ச நாள் விலகி இருக்கச் சொன்னார்கள். அந்த மழைக்காலம் முழுவதும் வராந்தா பெருக்கினேன், ஸ்டோர் அறையில் அட்டைப் பெட்டி அடுக்கினேன். குறித்த நாளில் பெரிய மைக்ராஸ்கோப்புக்கு மேடம் போகவில்லை. போக ஒன்றும் கையில் இல்லை. கதவின் கண்ணாடி வழியே பார்த்தால் என் தொட்டியில் அவள் நிற்பாள். உதடு அசைய எண்ணி எண்ணி அலசுவாள்.

கடல் திறந்த பிறகு மறுபடி வாளி வந்தது. மறுபடி எல்லாம் முதலிலிருந்து. என்னையும் என் தொட்டிக்குத் திரும்ப விட்டார்கள். சாதாரணப் பாட்டில்களுக்கு மட்டும். சுவரில் எழுதியிருந்ததை ஒரு பிள்ளையைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, அதன்படி அலசினேன். பல மாதம் கழித்து, தை முடிகிற சமயம், ஒரு காலையில் மேடத்தின் அறையிலிருந்து கைதட்டல் கேட்டது. வித்துராக்காரி ஓடி வந்தாள்.

"பெரியம்மா, படம் வந்துட்டு! வாங்க!"

"கூப்பிட வேண்டியவங்க கூப்பிட்டா வாறேன்."

அவள் திரும்பி ஓடினாள். கொஞ்ச நேரத்தில் மேடமே வாசலில் வந்து நின்றார். "ஆச்சி, வரேளா இல்லையா?"

போனேன். கம்ப்யூட்டர் திரையில் ஒரு பூ. மேலேயிருந்து பார்த்தால் ஐந்து இதழ், நடுவில் ஒரு துளை. திருப்பிப் பக்கவாட்டில் காட்டினார். ஐந்து பேர் தோளோடு தோள் நெருக்கி நிற்கிற மாதிரி நீண்ட உருவம். இரண்டு இடத்தில், வெளிப்பக்கம், வேறு நிறத்தில் மூன்று விரல் உள்ள ஒரு கை அந்த இதழ்களுக்கு இடையில் விரலை நுழைத்துக்கொண்டிருந்தது. அதுதான் விஷம். நான் துளையைத்தான் அடைத்திருக்கும் என்று நினைத்திருந்தேன். துளையில் ஒன்றுமே இல்லை. பக்கத்தில் பிடித்த பிடியிலேயே கதவு மூடிக் கிடந்தது.

"ஒடஞ்சு போச்சா மேடம், மூடித்தான் இருக்கா?" என்று கேட்டேன்.

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நல்ல கேள்வி. ஒடையலை ஆச்சி. மூடித்தான் இருக்கு. விரலை எடுத்தாத் தொறக்கும்."

"அதான் நான் பொழச்சேன்" என்றாள் வித்துராக்காரி, திரையைத் தொட்டுக்கொண்டு. தன் வீட்டுப் படத்தைத் தொடுகிற மாதிரி தொட்டாள். என் கை பக்கத்தில்தான் இருந்தது. நான் தொடவில்லை. அந்த விரல் எனக்குள்ளே எங்கேயும் நுழைந்ததில்லையே.

மேடம் அன்றைக்குச் சந்தோஷத்தில் இருந்தார். எல்லாருக்கும் பாயசம் வரவழைத்தார். என் தம்ளரில் அவரே ஊற்றினார். "ஆச்சி, இனிமே வேலை அதிகமாயிடும். அடுத்தது வெள்ளிக்கெட்டன், அதான் கட்டுவிரியன் பாம்போட விஷம். பச்சை அலமாரி ஒருத்தியால ஆகாது. நீங்களும் அவளுமாப் பாத்துக்கோங்கோ. மீன் பாத்திரம் தொடுவேள்தானே இப்போ?"

எல்லாரும் சிரித்தார்கள். அவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, என் பக்கம் நீட்டியே விட்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

இந்தச் சாவிக்குத்தான் நான் ஒரு வருஷம் வெந்தேன். கைக்கு எட்டும் தூரத்தில் வந்து நிற்கிறது.

"வேண்டாம் மேடம்" என்றேன். "அது அவளுக்க அலமாரி. அவளே வச்சுக்கிடட்டு."

"ஏன் பெரியம்மா?" என்று அவள் கேட்டாள். நிஜமாகவே முகம் வாடிவிட்டது.

"எனக்குப் பாதி பிடிக்காது பிள்ளே. முழுசா எனக்கு வரணும், இல்லன்னா முழுசா ஒனக்கு இருக்கணும். பாதியக் கையிலே வச்சுக்கிட்டு, ஒம் பாதியையே நான் பாத்துக்கிட்டு நிப்பேன். என்னை எனக்குத் தெரியும்."

வித்துராக்காரி சாவியை மெதுவாகத் திரும்ப இடுப்பில் சொருகினாள். "ஆனா கண்ணு போடக் கூடாது, கேட்டோ" என்றாள்.

"போடுவேன்" என்றேன்.

அன்றைக்குப் பஸ்ஸில் கூட்டம். நான் முதலில் ஏறிவிட்டேன். பக்கத்து இடத்தில் என் பையை வைத்து, கேட்டவர்களுக்கெல்லாம் ஆள் வருகிறது என்று சொன்னேன். அவள் வந்து உட்கார்ந்தாள்.